இறங்காத கைகள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பேச்சு இருந்தது. இரண்டு தலைமுறையாக எல்லாரும் அதையே பேசினார்கள். எத்தனை பேர் அதையே நினைத்தார்கள் என்று மட்டும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. செம்மேட்டுப்பட்டி என்று அந்த ஊருக்குப் பேர். விடிவதற்குள் மதுரைப் பூச்சந்தைக்குப் போய்ச் சேருகிற மல்லிகை மொட்டில் ஒரு பங்கு அந்த ஊர்ச் செவக்காட்டில் பறித்தது. பஸ் நிற்கிற இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு பலகை இருக்கும், அந்தப் பலகையில் 'எங்கள் ஊரில் இரண்டு பேச்சு இல்லை' என்று எழுதியிருக்கும்.

பெருமைக்கு எழுதிய பலகைதான் அது. ஊராட்சித் தலைவர் பதவிக்கு அந்த ஊரில் ஓட்டுப் பெட்டி வைத்ததே கிடையாது. தேர்தல் வருகிறதென்றால் தமுக்கு அடிப்பார்கள், ஊர் மந்தையில் கூடும், கொண்டல்ராசு தலைவராக இருக்கச் சம்மதமா என்று கேட்பார்கள், எல்லாக் கையும் ஏறும், எண்ணுவார்கள், 'இறக்கலாம்' என்பார்கள், எல்லாக் கையும் இறங்கும், அவ்வளவுதான், அஞ்சு வருஷம் ஓடிவிடும். கொண்டல்ராசு முப்பத்தொரு வருஷமாகத் தலைவர், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா இருந்தார். அப்போதும் இதே மந்தை, இதே கைகள். ஒரே ஒரு தடவை, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சைக்கிள் கடை பவுன்ராஜ் கூட்டத்தில் எழுந்து, "ஓட்டுப் போட்டுத்தான் பாப்பமே, என்ன கெட்டுப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவரை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. மறுநாளிலிருந்து அவர் கடைக்குக் காற்றடிக்க ஒரு சைக்கிள்கூட வரவில்லை, மாவு மில்லில் அவர் வீட்டு அரிசி அரைபடவில்லை, அவருடைய அம்மா செத்தபோது தூக்க நாலு தோள் தேறாமல் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. பவுன்ராஜ் திருப்பூருக்கு வண்டி ஏறினார். அதற்கப்புறம் மந்தையில் கைகள் இன்னும் வேகமாக ஏறின.

இப்படி இருக்கும்போதுதான் பூக்கட்டுகிற சீனித்தாய் தலைவர் பதவிக்கு மனுப் போட்டாள்.

அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது, பூக்கூடம் வேண்டும், அதுதான் ஆசை. பறித்த மொட்டு வெயில் பட்டால் வாய் திறந்துவிடும், திறந்த பூவை வியாபாரி திரும்பிப் பார்க்கமாட்டான். அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உயரமாகக் கூரை போட்டு, குளுகுளுவென்று சிமெண்டு மேடை வைத்து, பூக்கட்டுகிற பெண்களுக்கென்று ஊராட்சிப் பணத்தில் ஒரு கூடம் கட்டினார்கள். கட்டி முடித்த மறுநாள் காலையில் கொண்டல்ராசு வீட்டு டிராக்டர் அதற்குள் நின்றது. ஏழு வருஷமாக நிற்கிறது. ஏழு வருஷமாகப் பெண்கள் நனைத்த சாக்கைத் தலைக்கு மேலே கட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்து சரம் கட்டுகிறார்கள், உள்ளே டிராக்டர் நிழலில் இளைப்பாறுகிறது.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள் தமுக்கு அடித்தது. மந்தையில் பேசுவதும் கை எண்ணுவதும் கொண்டல்ராசின் மச்சினன் வீரணனுடைய வேலை. எண்ணுகிறவர் என்பதால் அவர் மட்டும் கை தூக்குவதில்லை. கொண்டல்ராசு எப்போதும்போல நாற்காலியில் உட்கார்ந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பொம்பளப் புள்ள ஏதோ கோவத்துல மனுப் போட்டுருச்சு," என்றார் வீரணன். "தப்பில்ல, நம்ம வீட்டுப் புள்ளதான். நாளைக்கு மூணு மணிக்குள்ள அது வாபஸ் வாங்கணும், எங்க மச்சானே தலைவரா இருக்கணும்னு நினைக்கிறவுக கையத் தூக்குங்க."

முதல் கை அங்கம்மாளுடையது. அவள் சீனித்தாய்க்கு மதினி முறை, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவள். அப்புறம் முன்வரிசை ஏறியது, நடுவரிசை ஏறியது, ஆண்கள் பக்கம் ஏறியது. தன் புருஷன் தவசியின் கை, கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுப்பதுபோல மெல்ல மெல்ல மேலே போவதைச் சீனித்தாய் பார்த்தாள். கொண்டல்ராசும் வழக்கம்போலத் தன் கையைத் தூக்கினார். கடைசியில் எல்லாக் கண்ணும் அவள்மேல் வந்து நின்றன. பவுன்ராஜ் அம்மாவின் பாடை தெருவில் போனது அவள் ஞாபகத்தில் வந்தது. பள்ளிக்கூடம் போகிற தன் மகள் ஞாபகத்தில் வந்தாள். தனக்கு எதிராகத் தானே கையைத் தூக்கினாள்.

"அறுநூத்தி ஆறு," என்றார் வீரணன். "இறக்கலாம்."

ஒரே ஒரு கை இறங்கியது. அது மொக்கையனுடையது. கண்புரை முற்றித் தடவித் தடவி நடந்த மனுஷனை மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்வித்தவர் கொண்டல்ராசு. மொக்கையனுக்கு மனசார அவர்தான் தலைவர். மற்ற அறுநூற்று ஐந்து கைகளும் மேலேயே நின்றன.

"இறக்கலாம்ப்பா," என்றார் வீரணன் மறுபடியும்.

"நாங்களும் அதத்தான் பாக்குறோம்," என்றது கூட்டம்.

இழுத்துப் பார்த்தார்கள், தொங்கிப் பார்த்தார்கள், எண்ணெய் தடவி நீவிப் பார்த்தார்கள். வலி இல்லை, வீக்கம் இல்லை, கை மட்டும் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, உலை வைக்கிற நேரமாகிவிட்டதால் எல்லாரும் கையைத் தூக்கியபடியே வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் சீனித்தாயை வாபஸ் வாங்க வைப்பதற்காக ஒன்றிய அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். கார்க் கதவுக்குள் கை நுழையவில்லை என்று குட்டியானை வண்டியின் பின்னால் நிறுத்திக் கூட்டிப் போனார்கள், வழியெல்லாம் ஜனங்கள் ஓட்டுக் கேட்டு வருகிறாள் என்று நினைத்துத் திரும்பக் கையசைத்தார்கள். தேர்தல் அதிகாரி முப்பது வருஷ சர்வீஸ் பார்த்தவர், எதற்கும் புருவத்தைத் தூக்காதவர். வாபஸ் படிவத்தை நீட்டி, "கையெழுத்துப் போடும்மா," என்றார்.

"இந்தக் கைதான் சார் கையெழுத்துப் போடுற கை," என்று சீனித்தாய் மேலே பார்த்தாள்.

"இடது கைப் பெருவிரலை வச்சுக்கங்க சார்," என்றார் வீரணன்.

"மனுவுல கையெழுத்துப் போட்டிருக்காங்க. இதுலயும் அதே கையெழுத்துத்தான் வேணும்."

வீரணன் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, படிவத்தை அட்டையோடு தூக்கி அவள் கைக்கு நேராகப் பிடித்தார். பேனாவை விரலிடுக்கில் செருகினார். விரல்கள் விரிந்தபடியே இருந்தன, பேனா விழுந்தது. எடுத்துச் செருகினார், விழுந்தது. ஆறாவது தடவை பேனா விழுந்து உருண்டு பீரோவுக்கு அடியில் போனபோது சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. அதிகாரி படிவத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "ரெண்டு வேட்பாளர். பன்னிரண்டாம் நாள் ஓட்டு," என்றார். சீனித்தாய்க்குச் சின்னமாகச் சீப்பு கிடைத்தது, கொண்டல்ராசுக்கு ஆட்டோ.

பன்னிரண்டு நாளும் ஊர் கையைத் தூக்கிக்கொண்டு வாழ்ந்தது, வாழப் பழகியும் போனது. மினி பஸ் டிரைவர் முதல்நாள் தூக்கிய ஒவ்வொரு கைக்கும் நிறுத்தி நிறுத்தி அரைக் கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்தில் கடந்தார், இரண்டாம் நாளிலிருந்து யாருக்கும் நிறுத்தாமல் போனார். டெய்லர் வலப்பக்கம் தோளிலிருந்து இடுப்புவரை பிரித்துக் கொக்கி வைத்து மேல்கைச் சட்டை என்று ஒன்று தைத்தார், நாலு நாளில் ஊரே அதைப் போட்டது. கொத்தனார் வீடுவீடாகப் போய் நிலைப்படிக்கு மேலே கைபோக ஒரு காடி வெட்டிக் கொடுத்தார். வளையல்கள் முழங்கைக்கு இறங்கின. டவர் கிடைக்காத வடக்குத் தெருவில் தூக்கிய கையில் செல்போனைக் கட்டிவைத்தவர்களுக்கு முழு சிக்னல் வந்தது. தவசியின் உள்ளங்கையில் ஒரு மைனா வந்து உட்கார்ந்து பழகியது, அவர் அசங்காமல் நடக்கக் கற்றுக்கொண்டார். சோற்றுக்குத்தான் கஷ்டப்பட்டார்கள். இடது கையால் சாப்பிட யாருக்கும் மனசு வரவில்லை. கூட்டத்துக்கு வராத பிள்ளைகளின் கைதான் கீழே இருந்தது. அதனால் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் சோற்றை உருட்டி அப்பா அம்மாவுக்கு ஊட்டினார்கள், 'இன்னும் ஒரு வாய்' என்று அதட்டினார்கள், வீட்டுப்பாடம் கேட்டால் ஊட்டமாட்டோம் என்று மிரட்டினார்கள்.

காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். புது உரம் என்றார்கள், வாதக்காற்று என்றார்கள், சுகாதார நிலையத்து நர்ஸ் எல்லாருக்கும் கால்சியம் மாத்திரை கொடுத்தார். வீரணன் சொன்னதுதான் கடைசியில் நின்றது. "ஊர் குடுத்த சம்மதம் இன்னும் இறங்கலைன்னு அர்த்தம். இது நம்ம ஒத்துமைக்குச் சாமி போட்ட முத்திரை," என்று சொல்லி, போட்டோக்காரரைக் கூட்டிவந்து ஊரை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். ஆமாமா என்று எல்லாரும் தலையாட்டினார்கள். கொண்டல்ராசை மட்டும் வெளியே காணோம். காய்ச்சல் என்றார்கள், வெளியூர்ப் பிரச்சாரம் என்றார்கள். கும்பிட்டபடி இருக்கிற அவருடைய பழைய போஸ்டர்தான் சுவரெல்லாம் ஓட்டுக் கேட்டது.

பாவம் மொக்கையன். ஊரெல்லாம் கை மேலே நிற்க, தன் கை மட்டும் தொங்குவது அவருக்கு வெட்கமாகிவிட்டது. டீக்கடையில் எல்லாரும் தன் கையையே பார்ப்பதாக நினைத்தார். "எனக்கும் புடிச்சிருச்சுப்பா," என்று சொல்லி, இரண்டாம் நாள் அவரும் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார், வீட்டுக்குள் போய் யாரும் பார்க்காதபோது இறக்கிச் சொறிந்துகொண்டார். மூன்றாம் நாள் சொறியலாம் என்று பார்த்தால் இறங்கவில்லை. நிஜமாகவே பிடித்துக்கொண்டது.

பூவுக்கு வருவோம். மல்லிகை யாருக்கும் காத்திருக்காது. பறிக்க ஒரு கை போதும், மடியில் கட்டிய பையில் போட்டுக்கொள்ளலாம். சரம் கட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கையில் மொட்டை நார்மேல் ஜோடி சேர்த்துப் பிடிக்கவேண்டும், இன்னொரு கையால் நாரைச் சுற்றி இறுக்கவேண்டும். ஆளுக்கு ஒரு இடது கைதான் மிச்சம். அதனால் பெண்கள் இரண்டிரண்டு பேராக முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். ஒருத்தி கை மொட்டைப் பிடித்தது, இன்னொருத்தி கை முடிச்சுப் போட்டது, இரண்டு பேரும் சேர்ந்து ஒருத்தியானார்கள்.

சீனித்தாய்க்கு ஜோடியாக அங்கம்மாள் வந்து உட்கார்ந்தாள். இரண்டு முழம் வரைக்கும் பேச்சே இல்லை. சீனித்தாய் முடிச்சை இறுக்கிய இறுக்கில் இரண்டு மொட்டு தலை போயிற்று.

"ஏ சீனி, மொட்டு என்னடி பண்ணுச்சு?" என்றாள் அங்கம்மாள்.

"மொட்டு ஒண்ணும் பண்ணல. மொதக் கைய மொட்டா தூக்குச்சு?"

அங்கம்மாள் அடுத்த மொட்டை எடுத்து வைத்தாள். இன்னும் ஒரு முழம் போனது. அப்புறம், மொட்டைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் கேட்டாள்: "எல்லாருக்கும் புடிச்சுக்கிச்சே, மொக்கையன் கை மட்டும் ஏன்டி மொத நாளு இறங்குச்சு?"

"எனக்கென்ன மதினி தெரியும். அந்தாளு மனசாரத் தூக்குனாரு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. முடிச்சு பாதியில் நின்றது. அவள் அங்கம்மாளின் தூக்கிய கையை அண்ணாந்து பார்த்தாள். அங்கம்மாள் அவளுடையதைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் மெல்லக் கழுத்தைத் திருப்பி, நனைந்த சாக்கு நிழலில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கிற நாற்பது பெண்களின் நாற்பது கைகளையும், தெருவில் போகிற கைகளையும், டீக்கடை வாசலில் பேப்பர் படிக்கிறவர்களின் கைகளையும் பார்த்தார்கள்.

"அடி ஆத்தீ," என்றாள் சீனித்தாய்.

"நான் ஒருத்திதான்னு நினைச்சேன்டி," என்றாள் அங்கம்மாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்குப் பயம். நீ மனுப் போட்ட அன்னைக்கு என் மனசு துள்ளுன துள்ளு ஊருக்குத் தெரிஞ்சிரும்னு பயம். அதான் மொத ஆளாத் தூக்குனேன்."

"பயந்தவ மெல்லத் தூக்கியிருக்கலாம்ல?"

"அதுக்கும் பயந்தேன்டி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்த இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு கைதான் இருந்தது, அந்த இரண்டிலும் மல்லிகை இருந்தது. என்ன மதினி என்று பக்கத்து ஜோடி கேட்டது. அங்கம்மாள் குனிந்து சொன்னாள். அந்த ஜோடி தலையைத் தூக்கி ஊரைப் பார்த்தது. இப்படியே ஜோடியிலிருந்து ஜோடிக்கு, ஒரு வார்த்தை உரக்கப் பேசாமல், சரம் நீளுகிற மாதிரி அது நீண்டுகொண்டு போனது.

அன்றைக்குச் சீனித்தாய் வீட்டுக்குப் போனபோது தவசி முற்றத்தில் உட்கார்ந்திருந்தார், கையில் மைனா உட்கார்ந்திருந்தது. கூட்டத்திலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. இப்போது எதிரே நின்று அவருடைய கையை, தோளிலிருந்து நுனிவரை, ஆசை தீரப் பார்த்தாள்.

"என்ன புள்ள பாக்குற?"

"ஒண்ணுமில்ல. நல்லா நிக்குது," என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மைனாவிடம், "எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார்.

அதற்குப் பிறகும் யாரும் வெளியே ஒன்றும் சொல்லவில்லை. வீரணன் கேட்டால் ஆட்டோவுக்குத்தான் என்றார்கள். பலகையில் எழுதியிருக்கிறபடி ஊரில் ஒரே பேச்சுத்தான் இருந்தது. ஆனால் பெட்டிக்கடையில் தொங்கிய சீப்பு அட்டை ஒரே நாளில் காலியானது. கடைக்காரர் உசிலம்பட்டிக்குப் போய் இரண்டு அட்டை வாங்கி வந்தார், அதுவும் காலி. யார் வாங்கியது என்று வீரணன் விசாரித்ததற்கு, "எல்லார் வீட்டுலயும் பேனுங்க," என்றார் கடைக்காரர்.

ஓட்டுப் போடுகிற நாள் வந்தது. பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து மந்தைவரைக்கும் வரிசை நின்றது, வரிசைக்கு மேலே கைகளின் வரிசை நின்றது. வெளியூரிலிருந்து வந்திருந்த வாக்குச்சாவடி அதிகாரி காலையில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்காவது சந்தேகம் இருந்தா கையை இறக்குங்க," என்றார். யாருக்கும் சந்தேகம் இல்லை. மை வைப்பது இடது விரலில் என்பதால் அதிலும் சிரமம் இல்லை.

முதல் ஓட்டு அங்கம்மாளுடையது. அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். மறைப்புக்கு மேலே அவள் கை மட்டும் தெரிந்தது. உள்ளே முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது, டொப்பென்று. ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை, பழுத்த கனியைச் சுமந்த கிளை தாழுவதுபோல மெல்லத் தாழ்ந்து, மறைப்புக்குப் பின்னால் போய் மறைந்தது. வெளியே வந்தவள் இரண்டு கையாலும் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள். முழங்கை வளையல்கள் கலகலவென்று மணிக்கட்டுக்கு ஓடிவந்தன.

யாருக்குப் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. மனசில் இருந்ததைச் செய்தாள் என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்தது, எதைச் செய்தாள் என்பது அந்த அட்டைக்கும் பெட்டிக்கும் தெரிந்தது. அப்புறம் நாள் முழுக்க, டொப்பென்று ஒரு சத்தம், தாழுகிற ஒரு கை, டொப்பென்று ஒரு சத்தம், தாழுகிற ஒரு கை. இறங்கிய கையோடு வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் நின்று காதைச் சொறிந்தார்கள், மூக்கைத் தொட்டார்கள், ஒருத்தர் தோளை ஒருத்தர் தட்டினார்கள், பன்னிரண்டு நாள் ஊட்டிவிட்ட பிள்ளைகளைத் தூக்கிச் சுற்றினார்கள். தவசி மைனாவை இடது கைக்கு மாற்றிவிட்டு உள்ளே போய்வந்தார். மொக்கையன் போனார், அவர் கையும் இறங்கியது; ஆட்டோவுக்குப் போட்டேன் என்று வெளியே வந்து அவரே சத்தமாகச் சொன்னார், பன்னிரண்டு நாளில் ஊர் கேட்ட முதல் நிஜப் பேச்சு அதுதான் என்று எல்லாரும் கைதட்டினார்கள், இரண்டு கையாலும் தட்டினார்கள்.

சீனித்தாய் தனக்குத் தானே முத்திரை குத்திவிட்டு வெளியே வந்தாள். இறங்கிய கையை விரித்து மூடிப் பார்த்தாள். நேரே தவசியிடம் போய் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஆத்தாடி! எதுக்கு?"

"ஊர் முன்னால கை தூக்குனீகள்ல, அதுக்கு."

"நீயுந்தானே தூக்குன?"

"அதுக்கு நீங்க என்னைய அடிங்க," என்றாள். அவர் அடிக்கவில்லை, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

முடிவை நான் முந்தியே சொல்லிவிடுகிறேன், மனசு அடித்துக்கொள்ள வேண்டாம். மூன்றாம் நாள் எண்ணியபோது சீப்புக்கு ஐந்நூற்று எழுபது ஓட்டு, ஆட்டோவுக்கு முப்பத்தேழு. கொண்டல்ராசே வேண்டும், ஆனால் எங்களைக் கேட்டுவிட்டு வேண்டும் என்று நினைத்தவர்களும் அந்த முப்பத்தேழில் இருந்தார்கள். அவர்கள் கையும் அதனால்தான் நின்றது, அதனால்தான் இறங்கியது. பஸ் நிற்கிற இடத்துப் பலகையை யாரோ சுத்தமாகச் சுரண்டிவிட்டார்கள். திருப்பூருக்குப் போன் போனது, பவுன்ராஜ் பொங்கலுக்கு வருகிறார்.

ஆனால் அந்தச் சாயங்காலம் இன்னும் முடியவில்லை. ஓட்டு முடிய பத்து நிமிஷம் இருந்தது. மைதானத்தில் ஊரே நின்றது. அப்போது தெருமுனையில் கொண்டல்ராசு வந்தார்.

பன்னிரண்டு நாளாக அவரை யாரும் பார்க்கவில்லை, கூட்டம் கலைந்த அவசரத்தில் அன்றைக்கும் யாரும் கவனிக்கவில்லை. அவருடைய வலது கை மேலே நின்றது. ஊர்க் கைகளிலெல்லாம் அதுதான் நேராக நின்றது.

வீரணன் ஓடிப்போய் மறித்தார். "வேணாம் மச்சான். எல்லாரும் பாக்குறாக. உள்ள போயிக் கை இறங்குச்சுன்னா என்ன நினைப்பாக?"

"முப்பத்தொரு வருசமா அதத்தான்டா நினைச்சுக்கிட்டு இருக்கேன், என்ன நினைப்பாகன்னு," என்றார் கொண்டல்ராசு. "எங்கப்பா நாற்காலியில உக்காருன்னாரு, உக்காந்தேன். ஊரு இருன்னுச்சு, இருந்தேன். நீ கையத் தூக்குன்ன, தூக்குனேன். எனக்கு ஆசையான்னு ஒருத்தனாச்சும் கேட்டீகளாடா?"

வீரணன் விலகினார்.

கொண்டல்ராசு உள்ளே போனார். மறைப்புக்கு மேலே அவர் கை தெரிந்தது. டொப்பென்று கேட்டது. கை இறங்கியது, மற்ற எல்லாக் கையையும்விட மெதுவாக, முப்பத்தொரு வருஷத் தூரத்தை இறங்கிவருகிற மாதிரி இறங்கியது.

வெளியே வந்தவர் யாரையும் பார்க்காமல் எதிரே இருக்கிற பூக்கூடத்துக்குப் போனார். உள்ளே டிராக்டர் உறுமியது. ஏழு வருஷத்துத் தூசியையும் ஒரு கோழியையும் கிளப்பிக்கொண்டு வெளியே வந்தது. அதைச் சாலையோரம் நிறுத்தி, சாவியைப் பிடுங்கி வீரணன் கையில் திணித்துவிட்டு, சீனித்தாய் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள்.

"மேடையக் கழுவி விடணும்த்தா, ஆயில் சிந்தியிருக்கு," என்றார்.

"கழுவிக்கிறோம்ணே," என்றாள் சீனித்தாய்.

பெண்கள் குடத்தோடும் விளக்குமாற்றோடும் கூடத்துக்குள் போனார்கள். பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள், பின்னாலேயே அப்பாக்கள் போனார்கள். அதிகாரி பெட்டிக்குச் சீல் வைத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். மைதானம் காலியானது. கொண்டல்ராசு மட்டும் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கண்மாய்க்கரை மேலேறி, வெயில் தாழ்ந்த பக்கமாக, இரண்டு கையையும் நன்றாக வீசி வீசி நடந்து போனார்.